மாணிக்கத் துண்டுக்குள் ஒரு வடிகட்டி: ஒளி சிக்னலைத் தாமதப்படுத்தும் படிகம்

வேலை இதுதான். பச்சை லேசரின் வெளிச்சத்தை மெதுவாக, வினாடிக்குப் பத்து முறை, கொஞ்சம் ஏற்றி இறக்க வேண்டும். அதை அறை வெப்பநிலையில் இருக்கும் ஒரு மாணிக்கத் துண்டுக்குள் செலுத்த வேண்டும். வெளியே வரும் ஏற்ற இறக்கம் உள்ளே போனதைவிட ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் பிந்தி வருவதை, சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். என்னிடம் உள்ள துண்டின் நீளம் 18 மில்லிமீட்டர். அதைக் கடக்க ஒளிக்கு 0.1 நானோ செகண்ட் போதும். ஒரு மில்லி செகண்ட் என்றால் அதைப் போல ஒரு கோடி மடங்கு. அந்தக் கோடி மடங்கு எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசைதான் இந்தச் சோதனை.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ பிகெலோ, நிக் லெபெஷ்கின், ராபர்ட் பாய்ட் ஆகிய மூவர். ஆண்டு 2003. 7.25 சென்டிமீட்டர் நீள மாணிக்கத் தண்டில் ஆர்கான் லேசரின் 514.5 நானோமீட்டர் ஒளியைக் குவித்துச் செலுத்தினார்கள். கிடைத்த தாமதத்தைத் திசைவேகமாக மாற்றினால் வினாடிக்கு 57.5 மீட்டர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு லேனா ஹாவ் குழுவினர் வினாடிக்கு 17 மீட்டரைக் காட்டியிருந்தார்கள். ஆனால் அதற்குச் சோடியம் அணுக்களைத் தனிச்சுழிக்கு (−273 பாகை செல்சியஸ்) மிக அருகே குளிர்விக்க வேண்டியிருந்தது. மாணிக்கத்துக்கு அதெல்லாம் வேண்டாம், மேசை போதும். மேசைச் சோதனையாகச் செய்ய இதைவிட நல்ல பரிசோதனை கிடைப்பது கடினம் என்று நினைக்கிறேன்.

மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் அங்கங்கே அலுமினியத்தின் இடத்தில் குரோமியம் அயனி உட்கார்ந்திருக்கும். சிவப்பு நிறமே அந்தக் குரோமியத்தால் வருவது. குரோமியம் பச்சை ஒளியை விழுங்கி மேலே ஏறுகிறது. ஏறிய இடத்தில் நிற்காமல் நொடிப்பொழுதில் கொஞ்சம் கீழே உள்ள ஒரு சிற்றுறுதி நிலைக்கு இறங்கிவிடுகிறது. அங்கேதான் விஷயம். அந்த நிலையில் அது மூன்று நான்கு மில்லி செகண்ட் தங்குகிறது. பிறகு 694 நானோமீட்டரில் சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அடிநிலைக்கு வருகிறது. 1960-ல் மைமன் கட்டிய முதல் லேசர் இதே நீண்ட ஆயுளை நம்பித்தான் வேலை செய்தது.

இப்போது பச்சை ஒளி பலமாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அயனிகளில் கணிசமான பங்கு மேலே மாட்டிக்கொள்ளும். அடிநிலையில் மிச்சம் இருப்பவைதானே விழுங்க முடியும்? ஆகவே உட்கவர்தல் குறைகிறது, படிகம் தெளிகிறது. இதைத்தான் தெவிட்டு உட்கவர்தல் என்கிறோம். வெளிச்சம் கூடினால் படிகம் இன்னும் தெளியும். குறைந்தால் மறுபடி இருளும். ஆனால் இந்த மாற்றம் உடனே நடக்காது, அயனிகளின் ஆயுட்காலம் அளவுக்கு நேரம் எடுக்கும். படிகத்துக்கு மூன்றரை மில்லி செகண்ட் நினைவாற்றல் இருக்கிறது என்று சொல்லலாம். சிக்னலை மாற்றியமைக்க இந்த நினைவாற்றலே போதும்.

கல் கிடைத்த விதம்

லேசருக்கென்று வளர்த்த மாணிக்கத் தண்டு வாங்கினால் விலை அதிகம். எனக்கு வேண்டியதோ இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் நீண்ட காலமாக நடக்கிறது. அங்கே வரும் செயற்கை மாணிக்கம் பெரும்பாலும் வெர்னுயில் முறையில் வளர்ந்தது. அலுமினாப் பொடியை ஹைட்ரஜன்-ஆக்சிஜன் சுடரின் வழியாகத் தூவினால் அது உருகி, கீழே சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, விரல் பருமனுக்குக் கட்டியாக வளரும். வெர்னுயில் இதை 1902-ல் வெளியிட்டார். நூற்றிருபது ஆண்டுகள் ஆகியும் நகைக்கல்லுக்கு இதுவே மலிவான வழி.

நகைக்கல்லில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல இரத்தச் சிவப்புக் கல்லில் குரோமியம் ஒரு சதவீதத்துக்கு மேலேகூட இருக்கும். பச்சை லேசர் அதில் சில மில்லிமீட்டர் போவதற்குள் காணாமல் போய்விடும். குரோமியம் நெருங்கி இருந்தால் அயனிகள் தங்களுக்குள் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்வதால் ஆயுட்காலமும் குறையும். நமக்கு வேண்டியது இளஞ்சிவப்பு, லேசர் தண்டில் வழக்கமாக இருக்கும் 0.05 சதவீதத்தை ஒட்டிய அளவு. கடையில் அதைப் 'பிங்க் சஃபையர்' என்று வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே ஒரு சிறு பச்சை எல்இடி டார்ச், ஒரு வெள்ளைத் தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கட்டியின் வழியாகவும் எவ்வளவு பச்சை தப்பி வருகிறது என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

பட்டறையில் இருந்தவரிடம் கட்டியின் இரு முனைகளையும் வெட்டித் தட்டையாகத் தீட்டித் தரச் சொன்னேன். அவர் கட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு நேரா வேணுமா தம்பி, இல்ல சாய்வு இருக்கலாமா?"

"ஒண்ணு மட்டும் லேசா சாஞ்சிருந்தா நல்லதுண்ணே. நேரா இருந்தா ஒளி உள்ளேயே முட்டி முட்டித் திரும்பும்."

"அப்போ ரெண்டு டிகிரி விடுறேன். அதுக்கு மேல போனா கண்ணுக்கே தெரியும்."

சொன்னபடி செய்து கொடுத்தார். இணையான முகங்களுக்கு இடையே ஒளி எதிரொலித்துக் குறுக்கீட்டுப் பட்டைகள் உண்டானால், படிகம் சற்றுச் சூடாகும்போதெல்லாம் கடந்து வரும் ஒளி ஏறி இறங்கும். தாமதத்தை அளக்கும்போது அந்தத் தொல்லை வேண்டாம். வைரத்தூளால் கடைசி மெருகு ஏற்றிய பிறகு அந்த முகத்தை லூப்பில் (நகைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஒளியியல் பட்டறையில் செய்த முகம் போலவே இருந்தது. இந்தத் திறமை நம் ஊரில் இருக்கும்போது கல்லூரி ஆய்வகங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

சுடரில் வளர்ந்த கட்டிக்குள் இழுவிசை நிறைய இருக்கும். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு தளவிளைவுத் தகடுகளுக்கு (போலராய்டு) நடுவே வைத்தால் நிறம் நிறமாகக் கோடுகள் தெரியும். அதில் அமைதியான ஒரு பகுதியைத் தேடிக் கற்றையை அந்த வழியாக விட வேண்டும். மாணிக்கத்தின் உட்கவர்தல், ஒளியின் தளவிளைவுத் திசையைப் பொறுத்தும் மாறும். துண்டை அதன் நீள அச்சில் மெல்லச் சுழற்றினால் கடந்து வரும் பச்சை கூடிக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதிகம் விழுங்கும் நிலையில் நிறுத்தி, அங்கே பிடிப்பானை இறுக்கினேன்.

லேசரும் லென்சும்

பச்சை லேசர் பாயின்டர் எல்லோர் கையிலும் கிடைக்கும். இந்த வேலைக்கு அதை எடுக்க வேண்டாம். அதற்குள் 808 நானோமீட்டர் டையோடு ஒரு நியோடிமியம் படிகத்தைத் தூண்டி, அதிலிருந்து வரும் 1064 நானோமீட்டரை இன்னொரு படிகம் 532 ஆக மாற்றுகிறது. மின்னோட்டத்தை ஏற்றி இறக்கினால் வெளிச்சம் அதே வடிவில் வராது. வடிகட்டி இல்லாத மலிவுப் பாயின்டரில் அகச்சிவப்பும் கசியும். சிலிக்கான் டிடெக்டர் அதையும் சேர்த்து எண்ணும். நேரடியாகப் பச்சை தரும் 520 நானோமீட்டர் டையோடே சரியானது. 80 மில்லிவாட், ஒற்றை முறைமை, மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் வெளிச்சம். மின்னோட்டம் மாறும்போது அலைநீளம் துளி நகரும். மாணிக்கத்தின் பச்சை உட்கவர்தல் பட்டை மிக அகலமானது என்பதால் அந்த நகர்வு ஒன்றும் செய்யாது.

எவ்வளவு குவிக்க வேண்டும்? அயனிகளில் பாதி மேலே இருக்கத் தேவையான ஒளிச்செறிவு, அதாவது தெவிட்டுச் செறிவு, மாணிக்கத்துக்குப் பச்சையில் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோவாட் அளவில் வரும். ஃபோட்டானின் ஆற்றலை, அயனியின் உட்கவர் பரப்பையும் ஆயுட்காலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். கிலோவாட் என்றதும் பயப்பட வேண்டாம். 70 மைக்ரான் விட்டமுள்ள புள்ளியில் 60, 70 மில்லிவாட் விழுந்தாலே அந்தச் செறிவு வந்துவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் கற்றையை 150 மில்லிமீட்டர் லென்சால் குவித்தால் ஏறக்குறைய அந்தப் புள்ளி கிடைக்கும். இன்னும் குறுகக் குவித்தால் புள்ளி சின்னதாகும், ஆனால் உடனே விரிந்தும் விடும், படிகத்தின் நீளம் வீணாகும். 18 மில்லிமீட்டர் முழுவதும் கற்றை ஒல்லியாகவே இருக்க 70 மைக்ரான் நல்ல சமரசம்.

புள்ளியின் அளவைச் சவர பிளேடால் அளந்தேன். பிளேடைத் திருகளவு மேடையில் பொருத்திக் கற்றையின் குறுக்கே மெல்ல நகர்த்த வேண்டும். கடக்கும் திறன் 84 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு இறங்குவதற்குள் பிளேடு நகர்ந்த தூரமே காஸியன் கற்றையின், அதாவது நடுவில் பிரகாசமாக இருந்து ஓரத்தில் மெல்ல மங்கும் கற்றையின், ஆரம். படிகத்தின் நடுவில் இந்தக் குறுகிய இடம் விழும்படி வைத்தேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லாமல் போக முடியாது. 80 மில்லிவாட் பச்சை கண்ணில் பட்டால் மீளாத சேதம். மாணிக்கத்தின் தீட்டிய முகம் ஒவ்வொன்றும் ஏழு சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அந்த ஐந்தாறு மில்லிவாட்டே ஆபத்து. 520 நானோமீட்டருக்கென்று அளவு குறிப்பிட்ட கண்ணாடியை அணியாமல் லேசரை எரியவிடக் கூடாது. பிரதிபலிப்பு எங்கே போகிறது என்று குறைந்த திறனில் தேடி, அங்கே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்த வேண்டும். படிகத்தைச் சற்றுச் சாய்த்து வைத்தால் அந்த ஒளி டையோடுக்குள் திரும்பி இரைச்சல் உண்டாக்குவதும் நிற்கும்.

படிகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லைச் சாய்த்து வைத்து, கொஞ்சம் ஒளியை முதல் டிடெக்டருக்குத் திருப்பினேன். அதுதான் ஒப்பீட்டுச் சிக்னல். படிகத்தைத் தாண்டி இரண்டாவது டிடெக்டர். இரண்டுமே பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடு, ஒரே மாதிரி மின்தடை, ஒரே மாதிரி வயர். இரண்டின் முன்னாலும் தேய்த்த கண்ணாடி ஒன்று. அது ஒளியைப் பரப்பி டையோடை நிரம்பிப் போகாமல் காக்கிறது. படிகம் சூடாகிக் கற்றை கொஞ்சம் விரிந்தாலும் மொத்த ஒளி டிடெக்டருக்கு வந்து சேர்கிறது. அறையின் எல்இடி விளக்குகள் 100 ஹெர்ட்ஸில் மினுக்கும் என்பதால் அவற்றை அணைத்துவிட்டேன்.

சிவப்பு ஒளிர்வு என்னும் போலித் தாமதம்

இந்தச் சோதனையில் மிக எளிதாக ஏமாற்றக்கூடியது படிகத்தின் சொந்த ஒளிர்வு. பச்சை விழுந்ததும் துண்டு முழுவதும் அழகாகச் சிவந்து ஒளிரும். அந்தச் சிவப்பும் பச்சையோடு சேர்ந்து ஏறி இறங்கும், ஆனால் மூன்றரை மில்லி செகண்ட் பிந்தி. டிடெக்டருக்குள் இது கொஞ்சம் கசிந்தாலும் அருமையான தாமதம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். உட்கவர்தலுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. ஆகவே இரண்டாவது டிடெக்டரைப் படிகத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தேன். ஒளிர்வு எல்லாத் திசையிலும் சிதறுவதால் அந்தத் தூரத்தில் அதன் பங்கு மிகவும் குறைந்துவிடும். நடுவே ஒரு துளைத் தகடும், பச்சையை விட்டுச் சிவப்பைத் தடுக்கும் நீலப்பச்சைக் கண்ணாடி வடிகட்டியும் சேர்த்தேன். சோதித்துப் பார்க்கும் வழி எளிது. வடிகட்டியோடு கூடவே ஒரு ஆழ்ந்த சிவப்பு வடிகட்டியையும் வைத்தால் டிடெக்டர் சுத்தமாக இருட்டாக வேண்டும். இருட்டாகவே இருந்தது.

அதே ஒளிர்வு இன்னொரு வகையில் உதவியும் செய்கிறது. நீலப்பச்சை வடிகட்டியை எடுத்துவிட்டு, சிவப்பு வடிகட்டியை மட்டும் வைத்து, லேசரைச் சட்டென்று அணைத்தால், சிவப்பு மெல்ல மங்குவது ஆசிலோஸ்கோப்பில் அழகான வளைவாக விழும். 37 சதவீதத்துக்கு இறங்க எடுத்த நேரம் 3.5 மில்லி செகண்ட். அதுவே ஆயுட்காலம். பெரிய துண்டுகளில் இந்த எண் சற்றுக் கூடுதலாக வரும். ஓர் அயனி விட்ட சிவப்பை வெளியே போவதற்குள் இன்னோர் அயனி விழுங்கிக்கொள்வதே காரணம். ரோசெஸ்டர் குழுவின் தண்டுக்கு 4.45 மில்லி செகண்ட்.

மின்தடையும் மின்தேக்கியும் எழுதித் தந்த விடை

குறைந்த திறனில் துண்டின் வழியாக 9 சதவீதம் பச்சை வந்தது. முழுத் திறனில் 16 சதவீதம். தெவிட்டுதல் நடக்கிறது, சரி. இப்போது லேசரின் மின்னோட்டத்தில் பத்து சதவீதம் அளவுக்குச் சைன் அலையைச் சேர்த்து, 10 ஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை போய்ப் பார்த்தேன்.

10 ஹெர்ட்ஸில் வெளிவரும் அலை 0.8 மில்லி செகண்டுக்குச் சற்று மேலே பிந்தியது. கட்டக் கணக்கில், அதாவது ஒரு முழு அலையை 360 பாகையாகக் கொண்டால், மூன்று பாகைதான். திரையில் இரண்டு அலைகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, பல சுற்றுகளைச் சராசரி எடுத்தால் இடைவெளி தெளிவாகத் தெரியும். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பண்பேற்றத்தின் ஆழம், அதாவது சராசரி ஒளியோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கம், வெளியே வரும்போது ஒன்றரை மடங்கை நெருங்கியிருந்தது. ஒளி கூடும்போது படிகம் தெளிவதால் கூடுதல் இன்னும் கூடுதலாகிறது. அதிர்வெண்ணை ஏற்ற ஏற்ற, கட்டப் பின்னடைவு வளர்ந்து 70 ஹெர்ட்ஸ் பக்கம் பத்து, பதினோரு பாகையைத் தொட்டது. பிறகு குறைந்தது. 500 ஹெர்ட்ஸில் பண்பேற்ற ஆழம் உள்ளே போனபடியே வந்தது, தாமதமும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்த வேகத்தில் அயனிகளால் ஈடுகொடுக்க முடியாது.

இந்த வளைவைப் பார்த்ததும் மின்னணு வேலை செய்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அது உறுதியாகிறது. அயனிகள் மேலே ஏறும், கீழே இறங்கும் வேகத்தைச் சொல்லும் வீதச் சமன்பாட்டைச் சிறு ஏற்ற இறக்கத்துக்கு எழுதி, படிகத்தின் நீளம் முழுவதும் கூட்டினால், கிடைப்பது இரண்டு மூலை அதிர்வெண்கள் (வடிகட்டியின் நடத்தை மாறும் இடங்கள்) மட்டுமே கொண்ட ஒரு பின்தங்கு வடிகட்டி. ஆயுட்காலம் தரும் அடிப்படை அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ். ஒளிச்செறிவைத் தெவிட்டுச் செறிவால் வகுத்து, அதோடு ஒன்றைக் கூட்டி, வந்த எண்ணால் 45-ஐப் பெருக்க வேண்டும். ஒளி வெளியேறும் முகத்தில் உள்ள செறிவைப் போட்டால் கீழ் மூலை, ஒளி நுழையும் முகத்தில் உள்ளதைப் போட்டால் மேல் மூலை. அவ்வளவுதான். படிகத்துக்குள் எவ்வளவு சிக்கல் நடந்தாலும் கடைசியில் இரு முகங்களின் செறிவு மட்டும் மிஞ்சுகிறது. இந்த எளிமையைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இதே நடத்தை கொண்ட மின்சுற்று இரண்டு மின்தடையும் ஒரு மின்தேக்கியும்தான். சிக்னல் முதல் மின்தடை வழியாக வரும். இரண்டாவது மின்தடையும் மின்தேக்கியும் தொடராகத் தரைக்குப் போகும். ஒப்பீட்டு டிடெக்டரின் சிக்னலை ஒரு பிரெட்போர்டில் (உறுப்புகளைப் பற்றவைக்காமல் செருகும் பலகை) இப்படி ஒரு சுற்றின் வழியாக விட்டு, அதன் வெளியீட்டையும் படிகத்தின் வெளியீட்டையும் திரையில் ஒன்றாகப் போட்டேன். முதல் மின்தடைக்குப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்துத் திருகிக்கொண்டே வந்தபோது 4.7 கிலோஓம், 10 கிலோஓம், 0.18 மைக்ரோஃபாரட் என்ற இடத்தில் இரு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. அதிர்வெண்ணை மாற்றினாலும் பிரியவில்லை. முதல் மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கினால் 0.85 மில்லி செகண்ட், அதாவது 10 ஹெர்ட்ஸில் பார்த்த அதே தாமதம்.

கற்றையின் செறிவு ஓரத்தில் குறைவு, நடுவில் அதிகம் என்பதால் கணக்கு சொல்லும் மதிப்பைவிடத் தாமதம் சற்றுக் குறைவாகவே வருகிறது. அது எதிர்பார்த்ததுதான். முக்கியமான வேறுபாடு வேறு: பிரெட்போர்டில் மின்தடையைக் கையால் மாற்ற வேண்டும், படிகத்தில் அதன் மதிப்பை ஒளியே தீர்மானிக்கிறது. லேசரின் சராசரித் திறனைக் கூட்டினால் மூலை அதிர்வெண்கள் தாமாக நகர்கின்றன.

இது மின்னணுச் சுற்றிலிருந்து வரும் தாமதமாக இருக்குமோ என்ற சந்தேகத்தை ஒரு சாம்பல் வடிகட்டியால் தீர்க்கலாம். பத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் படிகத்துக்குப் பின்னால் வைத்தேன். டிடெக்டருக்கு வரும் ஒளி பத்தில் ஒன்றானது, பின்னடைவு மாறவில்லை. அதே வடிகட்டியைப் படிகத்துக்கு முன்னால் மாற்றினேன். டிடெக்டர் மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் படிகத்துக்குள் செறிவு பத்தில் ஒன்று. பின்னடைவு ஒன்றிரண்டு பாகைக்கு இறங்கிவிட்டது, கணக்கும் அதையே சொல்கிறது. இரண்டு டிடெக்டர்களையும் இடம் மாற்றிப் பார்த்தாலும் அதே விடை. இந்தச் சோதனையைச் செய்யாத எந்தத் தாமத அளவீட்டையும் நான் நம்ப மாட்டேன்.

சதுர அலை சொல்லும் உண்மை

சைன் அலைக்குப் பதிலாகச் சதுர அலையைக் கொடுத்தால் கதை இன்னும் தெளிவாகிறது. லேசரின் வெளிச்சம் ஒரு படி உயர்கிறது. வெளியே வரும் ஒளியும் அந்தக் கணமே உயர்கிறது, துளித் தாமதமும் இல்லை. ஆனால் முழு உயரத்துக்குப் போவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்துவிட்டு, மிச்சத்தை மெல்ல, சுமார் 2.7 மில்லி செகண்ட் கால மாறிலியோடு ஏறிக் கடக்கிறது. திரையில் கூர்மையான ஒரு செங்குத்து, அதன் மேல் வளைந்து படுக்கும் ஒரு தோள். இறங்கும்போதும் அப்படியே தலைகீழாக. திறனைக் குறைத்தால் அந்தத் தோள் சப்பையாகிக் கடைசியில் சாதாரணச் சதுரமாகிவிடும்.

வேகமான விளிம்பு பிந்தவே இல்லை என்பதை இந்தப் படம் மறுக்க முடியாதபடி காட்டுகிறது. அப்படியானால் 'மெதுவான ஒளி' என்று இதை அழைக்கலாமா? இந்த விவாதம் ஆய்வாளர்களிடையே நடந்திருக்கிறது. ரஷ்ய இயற்பியலாளர்கள் சபாஸ்கியும் கோஸ்லோவும் 2006-ல் நேராகவே எழுதினார்கள்: தெவிட்டும் உட்கவர் பொருளில் துடிப்பு பிந்துவதை விளக்க ஒளியின் குழுத் திசைவேகம் (ஒளித் துடிப்பு பொருளுக்குள் பயணிக்கும் வேகம்) குறைவதாகச் சொல்லத் தேவையே இல்லை, செறிவுக்குத் தாமதமாகப் பதில் தரும் எந்த உட்கவர் பொருளும் இதைச் செய்யும் என்று. செல்டன் 1967-லேயே இத்தகைய பொருளில் துடிப்பு எப்படி உருமாறும் என்று கணக்கிட்டிருந்தார். மாணிக்கத்தில் பச்சை ஒளி எப்போதும்போல் வேகமாகவே போகிறது. அதன் மேல் ஏறிவரும் மெதுவான ஏற்ற இறக்கம்தான் உருமாறுகிறது. மேசையில் பார்த்த பிறகு நான் சபாஸ்கி, கோஸ்லோவ் கட்சிக்காரன். ஆனால் அதனால் சோதனையின் மதிப்பு குறைவதாக நினைக்கவில்லை. படிகம் ஒரு வடிகட்டி. வயர் இல்லை, மின்தேக்கி இல்லை, ஒளியை ஒளியாகவே வைத்துக்கொண்டு வேகமான மாற்றத்தையும் மெதுவான மாற்றத்தையும் வேறுபடுத்தி நடத்துகிறது. அந்தச் செயலைச் சரியான பெயரில் சொன்னாலே போதும், அது வியப்பானதுதான்.

ஊதாக் கற்றையைச் சேர்த்தபோது

வடிகட்டியோடு நிறுத்த மனமில்லை. மாணிக்கத்துக்கு இன்னோர் உட்கவர் பட்டை 400 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே மேலே ஏறும் அயனியும் இறங்கி அதே சிற்றுறுதி நிலைக்குத்தான் வரும். ஆகவே 405 நானோமீட்டர் ஊதா டையோடால் படிகத்தைத் தெளியவைத்து, அந்தத் தெளிவைப் பச்சையால் படிக்கலாம். இரண்டு கற்றைகளையும், ஒரு நிறத்தை விட்டு இன்னொன்றைத் திருப்பும் ஓர் இருநிற ஆடியால் ஒரே கோட்டில் சேர்த்தேன். ஊதாவின் குவியம் பச்சையின் குவியத்துக்குச் சற்று முன்னால் விழும், அதனால் ஊதாவுக்கு முன் ஒரு வலுக் குறைந்த லென்ஸ் தேவைப்பட்டது. டிடெக்டருக்கு முன் ஊதாவைத் தடுக்க ஒரு மஞ்சள் கண்ணாடி வடிகட்டி.

பச்சையைச் சீராக வைத்து, ஊதாவை மட்டும் ஏற்றி இறக்கினால், பச்சை தானாகவே ஆடுகிறது. ஒரு கற்றையின் செய்தி இன்னொரு கற்றைக்கு ஏறிவிட்டது. பத்து ஹெர்ட்ஸில் நன்றாக ஏறும், நூறைத் தாண்டினால் மங்கும். அடுத்து இரண்டையும் ஆட்டினேன்: பச்சை 40 ஹெர்ட்ஸ், ஊதா 47 ஹெர்ட்ஸ். வெளிவந்த பச்சையின் அதிர்வெண் நிறமாலையில் 40-ம் 47-ம் இருந்தன. அவற்றோடு 7 ஹெர்ட்ஸிலும் 87 ஹெர்ட்ஸிலும் புதிதாக இரண்டு முனைகள் எழுந்து நின்றன. படிகம் ஊடுருவல் விகிதத்தையும் உள்ளே வரும் ஒளியையும் பெருக்குகிறது. பெருக்கல் நடந்தால் கூட்டலும் கழித்தலும் அதிர்வெண்ணாக வெளிவரும். ஊதாப் புள்ளியை ஒரு முடி அளவு நகர்த்திப் பச்சையோடு படாமல் வைத்தால் 7-ம் 87-ம் மறைந்துவிடுகின்றன. எனவே அது மின்சாரக் கசிவு அல்ல, பெருக்கல் நடக்கும் இடம் படிகத்தின் உள்ளேதான். வீட்டு மின்சாரத்தின் 50-ம் அதன் இரட்டிப்பும் குறுக்கே வராத அதிர்வெண்களாகவே இவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

எல்லை என்னவென்றால், வேகம். மூன்றரை மில்லி செகண்ட் ஆயுட்காலம் கொண்ட படிகம் நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பயன்படாது. தாமதமும் ஓர் அலையின் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. நீளத்தைக் கூட்டினால் தாமதம் கொஞ்சம் கூடும், ஆனால் ஒளி குறைந்துகொண்டே வரும். கண்ணாடி இழையில் எர்பியத்தைக் கலந்தால் ஆயுட்காலம் பத்து மில்லி செகண்ட், அங்கேயும் இதே நடத்தைதான், இன்னும் மெதுவாக. நான்கு மின்னூட்டக் குரோமியம் கலந்த யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகத்தில் ஆயுட்காலம் ஒரு சில மைக்ரோ செகண்ட், எனவே பல பத்து கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம். ஆனால் அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டரில், வீட்டு மேசையில் அதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

உண்மையில் கிகாஹெர்ட்ஸ் சிக்னல்களைப் படிகத்தில் கையாளுபவர்கள் வேறு வழியில் போகிறார்கள். தூலியம் கலந்த யாக் போன்ற படிகத்தை நான்கு கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தால், ஒவ்வோர் அயனியும் மிகக் குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டும் விழுங்கும். சுற்றுப்புறம் சற்றே மாறுவதால் ஆளுக்கொரு அதிர்வெண். அப்போது லேசரால் உட்கவர்தல் நிறமாலையில் நுண்ணிய துளைகளை இடலாம், ரேடியோ சிக்னலின் நிறமாலையையே படிகத்துக்குள் எழுதிப் படிக்கலாம். அந்த வழியின் தொடக்கமும் மாணிக்கம்தான்: 1964-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கர்னிட், அபெல்லா, ஹார்ட்மன் மூவரும் முதல் ஃபோட்டான் எதிரொலியை, அதாவது இரண்டு ஒளித் துடிப்புகள் போன பிறகு படிகம் தானாகவே விடும் இன்னொரு துடிப்பைப் பார்த்தது திரவ ஹீலியத்தால் குளிர்வித்த மாணிக்கத்தில்.

எனக்கு அடுத்த ஆசை அலெக்ஸாண்ட்ரைட் என்னும் இன்னொரு மணிக்கல். அதே குரோமியம்தான், ஆனால் அதில் இரண்டு வகை இடங்களில் உட்காரும். 476 நானோமீட்டர் நீல ஒளியில், கிளர்ந்த அயனிகள் அடிநிலை அயனிகளைவிட அதிகமாக விழுங்குகின்றன. வெளிச்சம் கூடினால் படிகம் இருளும். அப்போது வடிகட்டியின் மூலைகள் இடம் மாறும், துடிப்பின் உச்சி பிந்துவதற்குப் பதில் முந்தி வரும். ரோசெஸ்டர் குழு அதையும் 2003-லேயே காட்டிவிட்டது. மேசையில் ஒளியமைப்பு அப்படியே இருக்கிறது, பிரெட்போர்டில் இரண்டு மின்தடைகளின் இடத்தையும் மின்தேக்கியையும் மாற்றிச் செருக வேண்டும். சிறிய துண்டானாலும் போதும், இழுவிசை இல்லாத செயற்கை அலெக்ஸாண்ட்ரைட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.